கப்பலும் குடையும்: தூத்துக்குடி தந்த பாடம்

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது நாம் முதலில் தயங்கினோம். நாம் சரித்திர ஆசிரியரல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயின் சரக்குப் பிரிவில் ரசீதுகளோடும் பேரேடுகளோடும் காலங் கழிக்கும் குமாஸ்தாவேயாவோம். ஆயினும், அண்மையில் நம் காலனிக் கடைத்தெருவில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி நம்மைப் பழைய புத்தகங்களைப் புரட்டச் செய்தது. அதனால் அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைப்பது கடமையென்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

இக்கரக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அண்ணாச்சி கடையை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், பெருங்காயம், அப்பளம், காப்பிப் பொடி என்று ஊர்ப் பொருள்களெல்லாம் கிடைக்கும் இடம் அது. சென்ற மாதம் சம்பள நாளன்று பாக்கியைத் தீர்க்கச் சென்றிருந்தோம். அண்ணாச்சி எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து விரித்தார். முன்பெல்லாம் ஒரு மாதத்திற்கு ஒரு பக்கம் போதாமல் மறுபக்கத்திற்குச் செல்லும் கணக்கு, நான்கே வரிகளில் முடிந்திருந்தது: பெருங்காயம், அப்பளம், நல்லெண்ணெய், வத்தல். அரிசி, பருப்பு, சர்க்கரை, சோப்பு முதலியவையெல்லாம் கைபேசியில் கேட்டு வாங்கப்பட்டு, வேறெங்கிருந்தோ வாசலுக்கு வந்து கொண்டிருந்தன. தொகையைக் கொடுத்தோம். அவர் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "தையோடு கடையை ஒப்படைச்சிடலாம்னு இருக்கேன் சார். வாடகைக்கே கட்டலை" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. அதுவே நம்மை மிகவும் உறுத்திற்று.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தபோது, பயணி வண்டிகள் நின்றன, கடைத்தெரு அடைபட்டது. அந்நாளில் அனுமதிக்கப்பட்ட சில மணி நேரத்திற்குள் வீடு வீடாக அரிசிப் பையைச் சுமந்து வந்து வைத்தவர் இந்த அண்ணாச்சி. பணம் பிறகு தரலாம் என்று சொல்லிச் சென்றவரும் அவரே. அவருடைய நோட்டில் எங்கள் பக்கம் நான்கு வரியாகச் சுருங்கியதற்கு யார் காரணம்? எங்களையன்றி வேறொருவரைச் சுட்ட இயலாது.

அண்ணாச்சியின் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அன்றிரவு வீடு திரும்பியபோது நம் எண்ணம் அவ்வூரின்மேல் சென்றது. உள்ளூரில் வாங்குவது, உள்ளூரானுக்குத் துணை நிற்பது என்னும் கேள்வியை நூறாண்டுகட்கு முன்பே தன் கடற்கரையில் நின்று எதிர்கொண்ட ஊர் அது. அவ்வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

முத்தும் சங்கும்

தூத்துக்குடி அக்காலத்தில் பெரிய பட்டணம் அன்று. 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கே வாழ்ந்தோர் ஏறக்குறைய 28,000 பேரே. ஆனால் அதன் கடல் பெரியது. பண்டைக் கொற்கைத் துறைக்கு அண்மையில் அமைந்த இவ்வூரார், முத்துக் குளித்தும், சங்கு எடுத்தும், உப்பு விளைத்தும், மீன் பிடித்தும் வாழ்ந்தனர்.

இவற்றுள் சங்கைப் பற்றி வங்கத்தில் வாழும் நாம் சிறப்பாக அறிய வேண்டும். நம் அண்டை வீட்டு வங்காளிச் சகோதரிகள் மணமானதன் அடையாளமாகக் கையில் வெண்சங்கு வளையல் அணிகிறார்கள் அல்லவா? தலைமுறை தலைமுறையாக அவ்வளையல்களுக்குரிய சங்குகள் தூத்துக்குடிக் கடலிலிருந்து எடுக்கப்பட்டு, கப்பலேறி வங்கத்திற்கு வந்தன. டாக்காவிலும் கல்கத்தாவிலும் சங்கறுக்கும் தொழிலாளர் அவற்றை அறுத்து வளையலாக்கினர். தமிழகத்து மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் இவ்வாணிகத்தை ஆராய்ந்து 1914-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். ஆகவே இவ்விரு கரைகட்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நம் காலத்தில் தோன்றியதன்று. சங்கு வடக்கே வந்தது. ஒரு கருத்து தெற்கே சென்றது. அக்கருத்தின் பெயர் சுதேசி.

இருப்புப் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிடில் எங்கள் அலுவலக நண்பர்கள் எம்மை மன்னியார். 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. அதன்பின் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை வண்டியில் வந்து, அங்கே நீராவிக் கப்பலேறிக் கொழும்பு சென்றனர். 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, வழி தனுஷ்கோடிக்கு மாறும் வரையில் 'போட் மெயில்' வண்டியின் கடைசி ஸ்டேஷன் தூத்துக்குடியே. வியாபாரிகளும், தேயிலைத் தோட்டங்கட்குக் கூலி வேலைக்குச் சென்ற ஏழைகளும் அவ்வழியே போயினர். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களோ ஆங்கிலேயருடையவை. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி அவ்வழியைத் தன் தனியுரிமைபோல் வைத்திருந்தது. அக்கம்பெனி 1856-ஆம் ஆண்டில் கல்கத்தாவையும் பர்மாவையும் இணைக்கும் கப்பல் கம்பெனியாகத் தொடங்கி, 1862-ஆம் ஆண்டில் அப்புதுப் பெயரைப் பெற்றது.

வங்கத்தில் எழுந்த அலை

1905-ஆம் ஆண்டில் கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் வங்கத்தை இரண்டாகப் பிரிக்க முடிவு செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடி, அந்நியப் பொருள்களை விலக்குவதென்று தீர்மானித்தது. மான்செஸ்டர் துணியும் லிவர்பூல் உப்பும் விலக்கப்பட்டன. அந்நாளின் நினைவாகவே 2015-ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். மக்களின் எதிர்ப்பையும் மீறி, 1905-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பிரிவினை நடைமுறைக்கு வந்தது.

அவ்வலை தெற்கே வந்து மோதியபோது அதனை வாரியெடுத்துக்கொண்டவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, வக்கீல் தொழில் புரிந்து, தூத்துக்குடியில் குடியேறியவர் அவர். சென்னை இராமகிருஷ்ண மடத்தை நிறுவிய வங்கத்துத் துறவி இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்தது அவர் உள்ளத்தில் சுதேசி விதையை ஊன்றிற்று என்பர்.

சிதம்பரனார் மேடைப் பேச்சோடு நின்றாரில்லை. ஊரார் எதை வாங்க வேண்டும் என்று சொல்வதற்கு முன், அவர்கள் வாங்குவதற்கு ஏதேனும் இருக்க வேண்டும் என்பதை உணர்ந்தவர் அவர். எனவே சுதேசிப் பிரசார சபையோடு, தருமசங்க நெசவுச் சாலை என்னும் நெசவுக் கூடமும், சுதேசிப் பண்டக சாலையும் ஏற்படுத்த முயன்றார். உள்ளூரில் நெய்த துணி, உள்ளூரில் அதை விற்கும் கடை, அக்கடைக்கு வரும் மக்கள் என்று மூன்றையும் ஒருங்கே சேர்க்கும் திட்டம் அது. கடை திறக்காமல் உபதேசம் மட்டும் செய்வது, அடுப்பு மூட்டாமல் இலை போடுவது போலாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சுதேசிக் கப்பல்

ஆனால் கடலோர ஊரின் உண்மையான கடைத்தெரு கடலேயன்றோ? சரக்கு வருவதும் போவதும் அந்நியன் கையில் இருக்கும்வரை, கரையில் எத்தனை சுதேசிக் கடை இருந்தும் என்ன பயன்? இதனை எண்ணிய தூத்துக்குடி வணிகர்கள் முதலில் பம்பாயைச் சேர்ந்த ஷாலைன் என்னும் கம்பெனியிடமிருந்து கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினர். ஆங்கிலக் கம்பெனி நெருக்கவே, அக்கம்பெனி பின்வாங்கிவிட்டது. சிதம்பரனார் சோர்ந்துவிடாமல் இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். இரவல் கப்பலை நம்பி வாணிகம் செய்தல் இயலாது என்பது அப்பொழுது எல்லார்க்கும் விளங்கிற்று.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அதாவது வங்கம் பிரிக்கப்பட்டு மிகச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், சுதேசி நாவாய்ச் சங்கம் என்னும் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், பங்குகள் 40,000. இந்தியர், இலங்கையர் முதலான ஆசிய மக்கள் யாவரும் பங்கு கொள்ளலாம் என்று ஏற்பாடு.

கம்பெனியின் தலைவராக அமர்ந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் 1901-ஆம் ஆண்டில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பெருமகனார்தாம் அவர். தமிழ்ச் சங்கம் கண்டவர் கப்பல் கம்பெனிக்கும் தலைமை தாங்கினார் என்னும் இச்செய்தியை நம் சங்கத்து அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறோம். மொழியைக் காப்பதும் அம்மொழி பேசுவோரின் பிழைப்பைக் காப்பதும் அவர்க்கு வெவ்வேறாகத் தோன்றவில்லை போலும். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வள்ளல் 8,000 பங்குகளை வாங்கி, 2 லட்சம் ரூபாய் அளித்தார். சாதி சமயம் பாராமல் ஊர் ஒன்று சேர்ந்தது.

'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் 1907-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. கப்பல் ஒன்றில் சாதாரண வகுப்பில் 1,300 பேர் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கு ஏற்றலாம். சங்கும் உப்பும் விற்ற கடற்கரையில் தமிழரின் சொந்தக் கப்பல் வந்து நின்றபோது ஊரார் கொண்ட மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க எம்மால் இயலாது.

இலவசக் குடை

இனித்தான் நம் கட்டுரையின் மையமான செய்தி வருகிறது. சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் வணிகர் தம் சரக்கையும், பயணிகள் தம்மையும் அதன் பொறுப்பில் ஒப்படைத்தனர். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்கு ஓர் ஆளுக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய், அதாவது எட்டணா என்றது. உடனே ஆங்கிலக் கம்பெனி, கட்டணமே வேண்டாம், இலவசமாக ஏற்றிச் செல்கிறோம், அதனோடு ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்று அறிவித்தது!

எங்கள் அலுவலகத்தில் சரக்குக் கட்டணக் கணக்குப் பார்ப்போர் எவரும் இவ்விடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணம் யோசிப்பர். நிலக்கரிக்குப் பணம் வேண்டும். மாலுமிக்குச் சம்பளம் வேண்டும். இலவசமாக ஏற்றிச் செல்லும் கப்பலுக்கு இவையெல்லாம் எங்கிருந்து வரும்? அக்கம்பெனிக்கு இந்துமாக்கடல் முழுவதும் கப்பல்கள் ஓடின. தூத்துக்குடி வழியில் நேரும் நஷ்டத்தை வேறு பத்து வழிகளின் இலாபத்தில் அது ஈடு செய்துகொள்ள முடியும். சுதேசிக் கம்பெனிக்கோ இருந்தது ஒரே வழி. ஆகவே அக்குடை பயணியின் தலைக்கு நிழல் தருவதற்காகக் கொடுக்கப்பட்டதன்று. போட்டியாளனைக் கடலிலிருந்து அகற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டது. போட்டியாளன் அகன்றபின் எவனாவது குடை கொடுப்பானோ?

எனினும் அக்காலத்து ஏழை மக்களை எண்ணிப் பாருங்கள். எட்டணா என்பது அவர்கட்குச் சிறு தொகையன்று. ஒருபுறம் காசும் கொடுக்க வேண்டும். மறுபுறம் காசும் வேண்டாம், குடையும் கிடைக்கும். அப்படியிருந்தும் எட்டணாவைக் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர் பலர் இருந்தமையாலன்றோ, ஆங்கிலக் கம்பெனிக்கு அத்தனை கலக்கம் உண்டாயிற்று! பொதுமக்களின் சட்டைப்பையில் இருக்கும் எட்டணாவுக்கு ஒரு சாம்ராஜ்யத்தின் கம்பெனி அஞ்சிய காலம் அது.

ஊர் காட்டிய ஒற்றுமை

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்குத் துணை நின்றனர். ஊரார் நிதி திரட்டித் தொழிலாளரின் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்டனர். சில நாட்களில் நிர்வாகம் இணங்கிற்று, கூலி உயர்ந்தது.

அந்நாட்களில் ஊரின் சிறு தொழிலாளரும் சிறு கடைக்காரரும் ஆற்றிய பங்கு வியப்புக்குரியது. சுதேசியத்திற்கு எதிராக நின்றவர்க்குச் சலவைத் தொழிலாளர் துணி வெளுக்க மறுத்தனர். முடி திருத்துவோர் சவரம் செய்ய மறுத்தனர். கசாப்புக் கடைக்காரர் இறைச்சி விற்க மறுத்தனர். ஒரு வக்கீல் சவரத்திற்கு உட்கார்ந்திருந்தபோது பேச்சு வாக்கில் சுதேசித் தலைவர்கட்கு எதிராக ஏதோ கூறிவிட்டாராம். சவரத் தொழிலாளி பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுக் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். இச்செய்தியை வாசித்தபோது நாம் சிரித்தோம், பின்பு சிந்தித்தோம். கடைக்காரன் வாடிக்கைக்காரனை நம்பியிருக்கிறான் என்று நாம் எண்ணுகிறோம். வாடிக்கைக்காரனும் கடைக்காரனை நம்பியே இருக்கிறான் என்பது கடை அடைபடும் நாளிலன்றோ தெரிகிறது!

அவ்வாண்டு மார்ச்சு மாதம் வங்கத் தலைவர் விபின சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானார். அதனைக் கொண்டாடியது குற்றமாயிற்று. மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, மக்கள் கொதித்தெழுந்தனர், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் மில் தொழிலாளர் தம் கூலிக்காக அன்றித் தம் தலைவர்க்காக மீண்டும் வேலை நிறுத்தம் செய்தனர். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே சிதம்பரனார்க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், ஆக 40 ஆண்டுகள் தீவாந்தரம் விதித்தார். மேல் முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அவர் துன்புற்றார். மாடு இழுக்க வேண்டிய செக்கைக் கோவைச் சிறையில் அவர் இழுத்தார் என்பதைத் தமிழ்க் குழந்தைகள் யாவரும் அறிவர்.

கப்பல் ஏன் நின்றது?

ஓட்டியவர் சிறையில் இருக்க, போட்டி ஓயாதிருக்க, பங்குதாரர் சோர்ந்துபோக, 1911-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்களும் விற்கப்பட்டன.

மக்கள் கைவிட்டதனால்தான் கம்பெனி அழிந்தது என்று கூறிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. அரசாங்கத்தின் அடக்குமுறையும் எதிரியின் பண பலமும் அதனை வீழ்த்தின. ஆயினும் ஒன்று விளங்குகிறது. உணர்ச்சி ஒன்றினால் கப்பல் ஓடாது. முதல் வேண்டும், நிர்வாகம் வேண்டும், கூட்டம் கலைந்த பிறகும் மாதா மாதம் தவறாது வரும் வாடிக்கை வேண்டும். எழுச்சி நாளில் ஏறிய பயணி, எழுச்சி ஓய்ந்த மழைக்கால மாலையிலும் ஏறினால்தான் கப்பல் மிதக்கும்.

வேறொரு பாடத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். வங்கத்தில் சுதேசி இயக்கம் சிற்சில இடங்களில் கட்டாயமாக மாறியது. ஏழைச் சந்தைக்காரனிடம் இருந்த மலிவான சீமைத் துணியைப் பறித்து எரித்தனர். அவனுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்தவர் எவரும் இல்லை. இதைக் கண்டு மனம் நொந்த தாகூர், 1916-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கரே பாயிரே' என்னும் நாவலில் இக்கொடுமையைச் சித்திரித்தார். உள்ளூரில் வாங்குங்கள் என்று ஊக்குவிப்பது வேறு. வாங்காதவரைப் பழிப்பதும் வருத்துவதும் வேறு. சிறு சம்பளத்தில் நான்கு குழந்தைகளை வளர்க்கும் தாய், கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் அரிசி வாங்கினால் அவளைக் குறை கூற எவர்க்கும் உரிமை இல்லை.

மளிகைக் கடை வைத்த சிதம்பரனார்

1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிதம்பரனார் விடுதலையானார். வரவேற்கத் திரண்ட கூட்டம் மிகச் சிறிது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது; சொந்த மாவட்டத்திற்குத் திரும்பவும் வழி இல்லை. மனைவி மக்களோடு சென்னையில் குடியேறினார். அங்கே அவர் பிழைப்புக்காக என்ன செய்தார் தெரியுமா, அன்பர்களே? மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில் கப்பல் ஓட்டியவர், தராசுக்குப் பின்னால் நின்றார். அக்கடை நிலைக்கவில்லை.

அப்போது கடல் கடந்து வாழ்ந்த தமிழர் சிலர் அவரை மறக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென ஒரு தொகை திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தனர். கடிதப் போக்குவரத்துப் பல நடந்தபின் 1916-ஆம் ஆண்டில் 347 ரூபாய் 12 அணா சிதம்பரனார் கைக்கு வந்தது. டர்பனில் வியர்வை சிந்திய தமிழனின் காசு, சென்னையில் வறுமையுற்ற ஒரு குடும்பத்திற்கு அடுப்பெரிய உதவிற்று. பிற நாட்டில் வாழ்வோர் தம்மவர்க்குச் செய்யக்கூடிய உதவி இன்னதென்று அந்த முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் நமக்கு எடுத்துக்காட்டுகிறது. பிற்காலத்தில் சன்னது திரும்பக் கிடைத்து, கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வாழ்ந்த சிதம்பரனார், 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியிலேயே காலமானார்.

1961-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்தை நாம் மீண்டும் மீண்டும் பார்க்கிறோம். தூத்துக்குடித் துறைமுகத்திற்கு 2011-ஆம் ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டது. சிலை வைத்தோம், பெயர் வைத்தோம், மாலை போடுகிறோம். ஆனால் அவர் மளிகைக் கடை வைத்திருந்த நாளில் சென்னைத் தமிழர் எத்தனை பேர் அங்கே சென்று ஒரு படி அரிசி வாங்கினர்? இக்கேள்வி எம்மைச் சில இரவுகள் உறங்கவிடவில்லை.

நம் காலனிக்கு

அண்ணாச்சி கப்பலோட்டிய தமிழர் அல்லர்; கைபேசியில் பொருள் விற்போர் அந்நிய அரசாங்கமும் அல்லர். அவர்களிடம் வேலை செய்து, வெயிலிலும் மழையிலும் நம் வாசலுக்கு மூட்டை சுமந்து வரும் இளைஞனும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையே. இதை மறந்து பேசுவது பிழையாகும். ஆயினும் பெருந்தள்ளுபடி ஒன்று நம் வீடு தேடி வரும்போது, இது குடையோ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதில் தவறில்லை. கடை மூடிய பின்னர், இரவு எட்டு மணிக்கு விருந்தாளி வந்து நிற்கையில் அரைக்கிலோ ரவை எங்கே கிடைக்கும்? இருபத்தைந்தாம் தேதி கையில் காசு இல்லாதபோது நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் தருவது யார்? ஊரிலிருந்து வந்த வயதான தாயாரிடம் தமிழில் பேசி, முழங்கால் வலியை விசாரித்து, வெந்தயத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது யார்?

ஆகவே சங்கத்து அன்பர்கள் முன்பு சில யோசனைகளைப் பணிவோடு வைக்கிறோம். எல்லாவற்றையும் அங்கேயே வாங்குங்கள் என்று நாம் கூறவில்லை. ஒவ்வொரு குடும்பமும் மாதத்தில் சில பொருள்களையேனும் தவறாமல் காலனிக் கடையில் வாங்குவதென்று வைத்துக்கொள்ளலாம். வாங்கிய கடனைச் சம்பள நாளிலேயே தீர்த்துவிடலாம். ஏனெனில் சிறு கடைக்காரனை முடக்குவது போட்டி மட்டுமன்று, வராத பாக்கியுந்தான். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வேண்டிய பச்சரிசி, வெல்லம், முந்திரி, நெய் ஆகியவற்றை அங்கேயே வாங்குமாறு நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம்.

கடைக்காரர்கட்கும் ஒரு சொல் உண்டு. தமிழன் கடை என்பதற்காக எடை குறைந்த பொருளையும் நாட்பட்ட மாவையும் எவரும் என்றென்றும் வாங்கிக்கொண்டிரார். விலையை எழுதி வையுங்கள். நாட்பட்டதைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 1904-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் சில நண்பர்கள் கூடி ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினர். நியாய விலை, சரியான எடை என்னும் இரண்டையும் பற்றுக்கோடாகக் கொண்டு அது நூறாண்டு கடந்தும் நிற்கிறது. வாங்குவோன் உறுதியும் விற்போன் நேர்மையும் சேர்ந்தால் சிறு கடையும் நெடுநாள் வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்கட்டுரையை எழுதி முடிப்பதற்கு முன் அண்ணாச்சியின் கடைக்கு மறுபடியும் சென்று வந்தோம். கடையை ஒப்படைப்பது பற்றி அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. தை பிறக்கச் சில வாரங்களே உள்ளன. அவருடைய மேசைமேல் தூத்துக்குடியிலிருந்து உறவினர் கொண்டுவந்த மக்ரூன் டப்பா ஒன்று இருந்தது. முட்டையின் வெண்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்து அவ்வூர் அடுமனைகளில் செய்யும் அப்பண்டத்தில் ஒன்றை எடுத்து எங்கள் மகள் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் இம்மாதம் ஒன்பது வரிகள் இருந்தன. ஒன்பது வரியால் ஒரு கடை நின்றுவிடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் நம் காலனியில் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. அந்த நோட்டில் பக்கங்களும் பல இருக்கின்றன.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!